மச்சானின் ஒற்றைச் சீட்

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மச்சான் வாய் திறந்து கேட்ட முதல் பொருள், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த வாப்பாவின் பழைய மோட்டார் பைக். புது மாப்பிள்ளை ஒன்றைக் கேட்டால் இல்லையென்று சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பெரிய பாரைமீன் வேண்டுமென்று கேட்டிருந்தால் விடியமுன் வாப்பா கடற்கரையில் நின்றிருப்பார். இதற்கு மட்டும் தாடியைத் தடவினார்.

"அது ஓடாதே மருமகன்."

"ஓடாததுதான் மாமா வேணும். ஓடுறதக் கழட்டினாப் பாவம்."

வாப்பா சிரித்துவிட்டார். அத்தோடு பைக் கைமாறியது.

லேசுப்பட்ட பைக் அல்ல அது. ஜப்பான்காரன் செய்த நூற்றிருபத்தைந்து சீசி. வாப்பா அதில்தான் நாவிதன்வெளி வயலுக்குப் போய் வந்தார். பின்னால் நெல்மூட்டை, சில நேரம் உர மூட்டை, சில நேரம் இரண்டும். பெருநாள் வந்தால் மூட்டைகளின் இடத்தில் நாங்கள் ஏறுவோம். பெற்றோல் டாங்கியின் மேல் நான், அடுத்து வாப்பா, அவருக்குப் பின்னால் என் அக்காவான ராத்தா, கடைசியில் ஒரு பக்கமாகக் கால் போட்டு உம்மா. உம்மாவின் மடியில் எப்போதும் ஒரு பாத்திரம் இருக்கும். அந்த நீளச் சீட் எங்கள் குடும்பத்தை ஒரு நாளும் கீழே போட்டதில்லை. பிறகு எஞ்சின் ஒரு மழைக்காலத்தில் நின்றது, நின்றதுதான். வாப்பா சாதாரண சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் மாறினார். இரத்தத்தில் கூடியிருந்த சீனி வருத்தத்துக்கு அது நல்லது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டார். பைக்கின் சீட்டுக்கடியில் ஒரு கோழி முட்டையிடத் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ராத்தாவுக்கென்று வாப்பா கட்டிய முன்வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். வாப்பாவும் உம்மாவும் நானும் குசினியை ஒட்டிய பின்வீட்டுக்குக் குடிபோனோம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை மணல் வளவு. மச்சான் தன் ஊரான பாலமுனையிலிருந்து கொண்டுவந்தது ஒரு சூட்கேசும், போன் திருத்தும் சின்னச் சின்ன ஆயுதங்கள் அடங்கிய ஒரு தோல்பையும்தான். கட்டில், அலுமாரி, மேசை, தலைக்குமேல் சுற்றும் ஃபேன் எல்லாம் எங்கள் பக்கத்துச் சீதனம். முதல் வாரம் அவர் முன்வீட்டில் ஒரு நாற்காலியில் உட்காருவதற்குக்கூட யாராவது சொல்லும்வரை நின்றுகொண்டிருப்பார். நான்தான் ஓடிப்போய், "இருங்க மச்சான்" என்று சொல்லுவேன். சின்ன மகளான எனக்கு அப்போது பத்து வயது. வீட்டின் அதிகாரம் எல்லாம் என்னிடம் இருப்பதாக நினைப்பு.

அந்த நினைப்புக்குக் காரணமும் இருந்தது. எங்களில் மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் அல்ல. ஆனாலும் உம்மா அதைச் சட்டம் போலவே கடைப்பிடித்தா. மச்சான் வளவுக்கு வந்தால் உம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவா. சொல்ல வேண்டியது எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும்.

"புள்ள, மச்சானுக்கிட்டக் கேளு, தேத்தண்ணிக்குச் சீனி போடவா எண்டு."

மச்சான் ஐந்து முழம் தள்ளி நிற்பார். அவருக்கு எல்லாம் கேட்கும். ஆனாலும் நான் திரும்பி நின்று, "மச்சான், தேத்தண்ணிக்குச் சீனி போடவா எண்டு உம்மா கேக்கிறா" என்பேன்.

"கொஞ்சம் போடச் சொல்லு மச்சி."

நான் திரும்புவதற்குள் உள்ளே கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம் கேட்டுவிடும். ஆனாலும் நான் என் கடமையைச் செய்வேன். "கொஞ்சம் போடச் சொல்றாரு உம்மா."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அந்தப் பைக் வளவுக்கு நடுவில் வந்து நின்றது.

என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. மச்சான் போனில் எனக்கு வீடியோ காட்டினார். குண்டுச் சக்கரம், தாழ்ந்த உடம்பு, வெட்டிய வால், ஒரு கரடி குந்தியிருப்பது போல ஒரு பைக். "இதுக்குப் பேர் பொபர், மச்சி. தேவையில்லாத எல்லாத்தையும் கழட்டி வீசினாப் பொறகு மிச்சம் இரிக்கிறதுதான் பொபர்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "புள்ள, மச்சானுக்குச் சொல்லு, அப்பிடியெண்டா எங்கட வீட்டுலயும் கழட்ட நிறைய இரிக்கி எண்டு."

நான் சொன்னேன். மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

அவர் அதுவரை ஒரு பைக்கும் கழற்றியதில்லை. கல்முனைப் பஜாரில் ஒரு சின்னக் கடையில் போன் திருத்துகிறவர். எனவே அந்தப் பைக்கையும் போனைத் திருத்துவது போலவே திருத்தத் தொடங்கினார். மணலில் உடுத்துப் பழசான ஒரு வெள்ளைச் சாரனை விரித்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்தின் வரிசையில் அடுக்கினார். ஒவ்வொன்றையும் தூக்கி வாயால் ஊதினார். துருவேறிக் கறல் பிடித்த ஒரு பெரிய நட்டை அவர் போன் திருத்தும் சின்ன இடுக்கியால் பிடித்துத் தூக்கியபோது வயலிலிருந்து வந்த வாப்பா பார்த்துவிட்டார். போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு நட்டை இரண்டு விரலால் எடுத்துச் சாரனில் வைத்தார். அவ்வளவுதான். மச்சான் இடுக்கியைத் தோல்பைக்குள் போட்டார்.

அதன் பிறகு வாப்பா தினமும் வந்து பக்கத்தில் நின்றார். உதவுவதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு. மச்சான் எதைக் கழற்றினாலும், "இதும் வேணாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்வீட்டுப் பக்கம் போவார். பின் மட்கார்ட் கோழிகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியானது. நெல்மூட்டை தாங்கிய கெரியர் சுவரோரம் விறகு அடுக்கும் தட்டானது. செயின் மூடி உம்மாவின் ரோஜாச்செடிக்கு வேலியானது. நீளச் சீட்டைக் கழற்றிய அன்று உம்மாவே முந்திக்கொண்டா.

"மச்சானுக்குச் சொல்லு, சீட்ட வீச வேணாம். எனக்கு வேணும்."

வாப்பா அதை இரண்டு கல்லுக்கு மேல் வைத்துக் குசினிக் கதவோரம் போட்டுக் கொடுத்தார். உம்மா அதில் உட்கார்ந்து தேங்காய் துருவினா, மீன் ஆய்ந்தா, எல்லாவற்றையும்விட, கதவின் நீக்கல் வழியாக வளவில் நடப்பதைப் பார்த்தா. அதற்கு முன் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் பைக்கின் பாதி எங்களோடு பின்வீட்டில் குடியிருந்தது.

எனக்கும் பங்கு கிடைத்தது. வலதுபக்கத்து வட்டக் கண்ணாடி. பொபருக்குக் கண்ணாடி வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று மச்சான் கழற்றி என் கையில் தந்தார். அதைக் கழுவித் துடைத்து என் புத்தகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். வெயிலைப் பிடித்துப் பூனையின் முகத்தில் அடிக்க அதைவிட நல்ல பொருள் உலகத்தில் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் வளவுக்கு ஓடுவேன். மண்கடதாசியால் டாங்கியின் கறலைத் தேய்ப்பது என் வேலை. கை சிவந்து எரியும். கார்புரேட்டர் என்றால் என்ன, அதற்குள் காற்றும் பெற்றோலும் எப்படிச் சந்திக்கின்றன என்று மச்சான் சொல்லச் சொல்ல, வகுப்பில் போய் நான் அதை மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாக எடுத்தேன். இன்று என் மேசையில் கிடக்கும் பொறிமுறைப் புத்தகங்களுக்கு அந்த மணலில் விரித்த சாரன்தான் முதல் பக்கம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

"பொம்புளப் புள்ளைக்கு என்னகா கிறீஸ் கை?" என்று உம்மா கேட்பா.

"இது மச்சானுக்குச் சொல்லவா, எனக்கா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

"ஒனக்குத்தான். கழுவிப்போட்டுத் திண்ணு."

ஒரு நாள் கார்புரேட்டரின் சின்னப் பித்தளை ஆணி ஒன்று மச்சானின் விரலிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. கடற்கரை மணலில் விழுந்த ஆணியை யார் கண்டுபிடிப்பது? மச்சான் முழங்காலில் நின்று தடவினார். வாப்பா தடவினார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நான் இழுத்துப் பார்த்தேன். பித்தளையிடம் அதன் பருப்பு வேகாது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது ராத்தா குசினியிலிருந்து மாவரிக்கும் அரிதட்டோடு வந்தா. சாரனுக்குப் பக்கத்தில் குந்தி, மணலை அள்ளி அள்ளி இடியப்பத்துக்கு மா அரிப்பது போல அரிக்கத் தொடங்கினா. கொஞ்ச நேரத்தில் தட்டின் நடுவில் பித்தளை மினுங்கியது. ராத்தா அதை எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தா. அவர் ஆணியைப் பார்க்காமல் ராத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திரும்ப விழுத்தப் போறீங்க. கையப் பொத்துங்க" என்றா ராத்தா.

அந்த அரிதட்டை உம்மா திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதுவும் பைக்கின் சொத்தாகிவிட்டது.

பஜாரிலிருந்து வெல்டிங் ஒட்டுக்காரர் ஒருவர் வந்து பைக்கின் இரும்புச் சட்டத்தின் வாலை வெட்டினார். பொறி பறந்தது. உம்மா கோழிகளையெல்லாம் கூட்டில் அடைத்து அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டா. வால் போன பிறகு பைக் திடீரென்று அந்த வீடியோவில் கண்ட கரடி மாதிரி நின்றது. மச்சான் தகரத்தை வெட்டித் தட்டிச் சின்னதாக ஒரு சீட் செய்தார். பழைய சைக்கிள் சீட்டின் இரண்டு சுருள் கம்பிகளை அதற்குக் கீழே வைத்தார். ஏறி உட்கார்ந்தார். சீட் ஒருமுறை அமுங்கி எழும்பியது. நான் கைதட்டினேன்.

கதவு நீக்கலிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"புள்ள, மச்சானுக்கிட்டக் கேளு. பெருநாளைக்கு ராத்தா எதுல குந்திப் போற எண்டு."

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் பெருநாள். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து மாப்பிள்ளையின் உம்மா வீட்டில் போய் இறங்க வேண்டும். பாலமுனையில் ஒரு தெருவே அதற்காகக் காத்திருக்கும். அதற்காகத்தான் பைக் என்று உம்மா அத்தனை நாளும் நினைத்திருந்தா. மச்சானும் அப்படித்தான் நினைத்திருந்தார். பைக்கைப் பற்றியே நினைத்து நினைத்து, அதில் ஏற வேண்டிய இரண்டாவது ஆளை மறந்துபோனார்.

நான் திரும்பினேன். மச்சானுக்கு எப்போதும் போல முதலே கேட்டுவிட்டது. ஆனாலும் கேள்வியை நான் முழுதாகத் திரும்பச் சொன்னேன். அவர் இறங்கி நின்று அந்தச் சீட்டைப் பார்த்தார். பாதிப் பலாக்காய் அளவு இருந்தது. அதற்குப் பின்னால் சக்கரம்தான்.

"மாமிக்குச் சொல்லு..." என்று தொடங்கி நிறுத்தினார். "யோசிக்கிறன் எண்டு சொல்லு."

அந்தப் பதிலை நான் கொண்டுபோனதும் உம்மா தேங்காயை அழுத்தி அழுத்தித் துருவத் தொடங்கினா.

பிறகு ஆளுக்கொரு யோசனை வந்தது. கெரியரைத் திரும்பப் பூட்டலாம், நெல்மூட்டையைத் தாங்கியது ராத்தாவைத் தாங்காதா என்றார் வாப்பா. நீளச் சீட்டைக் கயிறு போட்டுக் கட்டலாம் என்றா உம்மா, என் வழியாக. பைக்குக்குப் பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு பெட்டி பூட்டலாம், நான் வீடியோவில் கண்டிருக்கிறேன் என்று நான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மச்சான், "ஓம், செய்யலாம்" என்றார். ஆனால் ஒன்றையும் தொடவில்லை. கடைசியில் பின்னுக்கு ஒரு சட்டம் ஒட்டி வாலை நீட்டிவிடுவதாகச் சொன்னார். அதைச் சொன்ன மறுநாளிலிருந்து பைக்குக்கு மேல் இன்னொரு சாரன் மூடிக் கிடந்தது. மச்சான் கடையிலிருந்து உடைந்த போன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்வீட்டு மேசையில் குனிந்திருந்தார். நான் போய்ப் போய்ச் சாரனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்ப்பது போல.

அப்போதுதான் ராத்தா கழுத்தில் அளவுநாடாவோடு வளவுக்கு வந்தா. சாரனை உருவிவிட்டு அந்தச் சின்னச் சீட்டை நீளம், அகலம், சுற்று என்று அளந்தா. மச்சான் வாசலுக்கு வந்து நின்றார்.

"என்ன அளக்கிறீங்க?"

"சீட்டுக்கு உற தைக்க."

"அது மாத்தப் போறன். வால நீட்டி, சீட்டும் பெருசாப் போடப் போறன்."

"மாத்தினா நான் திரும்ப அளக்கணும், திரும்ப வெட்டணும். எனக்கு ஏலாது. அது இரிக்கிற மாதிரியே இரிக்கட்டும்."

"அப்ப நீங்க?"

"நான் உறதான் தைக்கிறன் எண்டு சொன்னன்."

அதற்கு மேல் கதைக்க இடம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டா. தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மண்ணிறத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்த ராத்தாவுக்குப் பக்கத்தில் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ராத்தா, அப்ப ஒனக்கு எங்க இருக்கிற?"

"எனக்கு இருக்க இடமா இல்ல?" ராத்தா ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டே சொன்னா. "வீடு என்ட பேருல. வளவு என்ட பேருல. அந்தக் கட்டில், இந்த மெசின், நீ இருக்கிற கதிர எல்லாம் என்ட. அந்த மனிசனுக்கு ஒரு சீட்டாவது இரிக்கட்டும்கா."

நான் எழுந்து கதிரையைப் பார்த்தேன். அது ராத்தாவுடையது என்று அதுவரை எனக்குத் தெரியாது. இனி அனுமதி கேட்டுத்தான் உட்கார வேண்டுமோ என்ற கவலையில் மற்றது எதுவும் என் தலையில் ஏறவில்லை.

உறை அச்சாகப் பொருந்தியது. ஓரத்தில் இரட்டைத் தையல். மச்சான் அதை மாட்டிவிட்டுக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். அன்று பின்னேரம் பெற்றோல் ஊற்றி, பிஸ்மி சொல்லி, உதைத்தார். உதைத்தார், உதைத்தார். கோழிகள்தான் பதில் சொல்லின. வாப்பா முன்னால் வந்து இடுப்பிலிருந்த சாரனை மடித்துக் கட்டினார். சாவியைப் பாதி திருப்பி, ஏதோ ஒரு வயரை விரலால் சுண்டி, மெதுவாக ஒரே ஒரு உதை விட்டார். வளவே அதிர்ந்தது. கூரையிலிருந்து காகம் எழும்பியது. சாரனில் அடுக்கியிருந்த நட்டுகளில் இரண்டு மிஞ்சியிருந்தன. அவை எங்கே இருக்க வேண்டியவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பெருநாள் காலையில் தொழுகை முடிந்து, கறியும் இடியப்பமும் தின்று முடித்து, வாப்பா தெரிந்த ஒருவரின் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்தாவும் உம்மாவும் நானும் ஆட்டோவில், மச்சான் பைக்கில் என்று முடிவாகியிருந்தது. வாப்பாவுக்கு வீட்டில் குர்பானியான உழ்ஹிய்யா இறைச்சி பங்கிடும் வேலை இருந்தது. வட்டிலப்பப் பாத்திரத்தையும் தொதல் இனிப்புப் பெட்டியையும் வைத்துக்கொண்டு பைக்கில் போகவும் முடியாது என்று உம்மா தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டா. ஆனால் முகம் மலரவில்லை. தெருவில் எல்லோரும் புது உடுப்போடு நிற்பார்களே.

புறப்படுவதற்கு முன் மச்சான் என்னிடம் வந்தார். "மச்சி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தா."

"பொபருக்குக் கண்ணாடி வேணாம் எண்டு சொன்னீங்களே?"

"பெருநாள் எண்டா பொலிஸ் நிப்பான். கண்ணாடி இல்லாட்டிப் புடிப்பான்."

சட்டம் என்றால் சட்டம்தான். கொடுத்தேன். அவர் அதை ஹேண்டிலின் வலதுபக்கம் பூட்டி, ஏறி உட்கார்ந்து, திருப்பினார். பிறகு இறங்கி வந்து ஆட்டோவைப் பார்த்தார். திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் திருப்பினார். பொலிசுக்கு இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியம்.

உம்மா நினைத்தபடியே எங்கள் வாசல் கடப்படியில் அடுத்த வளவு மாமி நின்றுகொண்டிருந்தா. எங்கள் தெருவில் அவவுக்குத் தெரியாமல் ஒரு மீன்காரனும் போக முடியாது.

"என்னகா இது, மாப்பிள்ள தனியப் பைக்குல, பொண்ணு ஆட்டோவுல? முதல் பெருநாளைக்கே கோவமா?"

ராத்தா குனிந்து செருப்பைப் பார்த்தா. மச்சானின் கை ஆக்சிலேட்டரில் அப்படியே நின்றது. உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தா. பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னா:

"மந்திரிமாரு போகக்குள்ள முன்னுக்கு ஒரு பைக் போறல்லியா? அது போலதான். என்ட மகளுக்கு முன்னுக்கு மாப்பிள்ள போறாரு. ஒங்கட மகளுக்கு அப்பிடிப் போனதா?"

அடுத்த வளவு மாமிக்கு வாய் மூடியது. மச்சானுக்குத் திறந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பெரிதாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஓம் மாமி. சைரன் மட்டும்தான் இல்ல."

"சைலன்சர் இரிக்கே. அந்தச் சத்தமே காணும்" என்றா உம்மா.

நான் இதைச் சொல்வதற்காக மச்சான் பக்கம் திரும்பி வாயைத் திறந்தபடி நின்றேன். சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் நேராகவே கதைத்து முடித்திருந்தார்கள். உம்மாவுக்கே அது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று ஆட்டோவுக்குள் ஏறி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டா. என் வேலை அந்தக் கடப்படியிலேயே பறிபோனது. அதன் பிறகு சீனியும் தேத்தண்ணியும் என்னைக் கேட்காமலே நடமாடின.

பைக் முன்னால் போனது, ஆட்டோ பின்னால். இடதுபக்கம் உம்மா, வலதுபக்கம் ராத்தா, நடுவில் நான். எனக்கு முன்னால் ஆட்டோக்காரரின் முதுகு. காரைதீவு தாண்டி வயல்வெளி வந்ததும் மச்சான் பறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பறக்கவில்லை. ஆட்டோ எவ்வளவு மெதுவாகப் போனதோ அவ்வளவு மெதுவாகப் போனார். நிந்தவூரில் ஆட்டோ பின்தங்கியபோது அவரும் ஓரமாக நின்றார்.

"கார்புரேட்டர்ல ஏதோ அடைப்பு" என்று ராத்தாவிடம் சொன்னேன். "பெற்றோல் ஒழுங்காப் போகல்ல. அதுதான் இழுக்குதில்ல."

"ஓம்கா" என்றா ராத்தா. வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தா. இவ்வளவு பெரிய கோளாறு நடக்கும்போது என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

களியோடைப் பாலத்தில் காற்று நன்றாக அடித்தது. பைக்கின் சக்கரத்தைச் சோதிக்க நான் ராத்தாவின் மடிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் என் கண்ணாடி கண்ணில் பட்டது. சின்ன வட்டத்துக்குள் மச்சானின் இரண்டு கண்கள். ரோட்டும் இல்லை, பின்னால் வரும் லொறியும் இல்லை. என்னைக் கண்டதும் அந்தக் கண்கள் சட்டென்று முன்னால் திரும்பின. நான் என் இடத்துக்கு வந்தேன். அங்கிருந்து ஆட்டோக்காரரின் முதுகுதான் தெரிந்தது.

பாலமுனையில் தெருவே கூடி நின்று பைக்கைப் பார்த்தது. ராத்தா தனியாக இறங்கியதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மச்சானின் உம்மா ராத்தாவின் கன்னத்தைத் தடவி உள்ளே கூட்டிப்போனா. மச்சானை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பையன்கள் சீட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்க தைச்ச காக்கா?" என்று கேட்டார்கள். "எங்கட வீட்டுல" என்றார் மச்சான். எங்கள் வீட்டை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் நான் அவரை ஒரு பக்கம் கூப்பிட்டேன். தொழில் தெரிந்தவள் சொல்லாமல் இருக்கக் கூடாது.

"மச்சான், கண்ணாடி பிழையாப் பூட்டியிரிக்கி. ரோட்டுத் தெரியாது. ஆட்டோதான் தெரியும்."

"அப்பிடியா?" என்று கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "சரிதான் மச்சி. போகக்குள்ள பாப்பம்."

திரும்பும்போது அவர் பார்த்தாரா என்று பரிசோதிப்பதற்காக நான் முந்தி ஏறி வலதுபக்க மூலையில் உட்கார்ந்துகொண்டேன். ராத்தா நடுவில். பைக் புறப்பட்டது. கண்ணாடியில் பழையபடி இரண்டு கண்கள் தெரிந்தன. நான் கையைக் காட்டினேன். கண்கள் சுருங்கின. கொஞ்ச தூரம் போனதும் மச்சான் ஒரு கையை நீட்டிக் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒன்றும் சரிவரவில்லை போலிருக்கிறது. ஒலுவில் சந்தியில் ஒரு கடையைக் கண்டதும் நிறுத்தினார். எல்லோருக்கும் குளிர்பானம் வாங்கித் தந்தார். எனக்கு மட்டும் கூடவே ஐஸ்கிரீம்.

திரும்ப ஏறும்போது ராத்தா என் தோளைப் பிடித்தா.

"நீ நடுவுல இரு புள்ள. மூலையில காத்து அடிக்குது. ஒனக்குக் காதுவலி வரும்."

உம்மா உடனே, "ஓம், நடுவுல இரு" என்றா. உம்மாவின் வாயிலும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீமால்தான் காது பாதிக்கப்படுகிறது என்று நானே ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். வீடு வந்து சேரும்வரை ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்தேன். பைக் நிதானமாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் யாரும் கைவைக்கவில்லை.

அந்தக் கண்ணாடி எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பொலிஸ் எந்நேரமும் வரலாம் என்று மச்சான் சொன்னார். பல வருடங்கள் நான் பயணம் போகும்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

பத்தாம் வகுப்பில் ஒளித்தெறிப்புப் பாடம். பாடமெடுத்த சேர், பலகையில் தளவாடி என்ற தட்டைக் கண்ணாடியை வரைந்து, படுகோணம், தெறிகோணம் எல்லாம் குறித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். ஆடிக்குள் நீங்கள் ஒருவருடைய கண்ணைக் காண்கிறீர்கள் என்றால், அவரும் அதே நேரத்தில் உங்கள் கண்ணைத்தான் கண்டுகொண்டிருக்கிறார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்ன சிரிப்பு?" என்றார் சேர்.

"ஒண்டுமில்ல சேர்" என்றேன். "காதுவலி."